எடுத்துவிடுவதா, கண்காணிப்பதா: புற்றுநோய் வருமுன் செய்யும் அறுவை சிகிச்சையும் பெண்ணின் மனமும்

புற்றுநோயிலிருந்து காக்கும் மரபணுக்களில் ஒன்றான பிஆர்சிஏ1-ல் (BRCA1) பிறழ்வு இருப்பதாகப் பரிசோதனை முடிவு வந்த ஒரு பெண்ணின் காதில் முதலில் விழுவது எண்கள்தான். 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 72 சதவீதம், சினைப்பைப் புற்றுநோய் 44 சதவீதம். இதே போன்ற இன்னொரு மரபணுவான பிஆர்சிஏ2-ல் பிறழ்வு என்றால் முறையே 69, 17 சதவீதம். அப்புறம் வழிகளைச் சொல்வார்கள். நோய் வருமுன்பே இரண்டு மார்பகங்களையும் எடுத்துவிடலாம். ஆபத்து 90 சதவீதம் அல்லது அதற்கும் மேல் குறையும். எடுக்காமல் ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) என்று கண்காணித்தும் வரலாம். ஆபத்து குறையாது, ஆனால் நோய் வந்தால் சிறியதாக இருக்கும்போதே பிடிபட வாய்ப்பு அதிகம்.

பெரும்பாலும் பேச்சு இங்கேயே நின்றுவிடுகிறது. ஆனால் அவளுக்கு இன்றைக்கு எந்த நோயும் இல்லை. கட்டி இல்லை, வலி இல்லை. எந்த வழியில் போனாலும் அந்த முடிவோடு இன்னும் முப்பது நாற்பது வருடம் வாழப்போகிறவள் அவள். அதனால் இரண்டு வழிகளும் மனதிடம் என்ன விலை கேட்கின்றன என்பதையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும்.

கண்காணிப்பு கேட்கும் விலை தவணை முறையில் வருகிறது. அமெரிக்க வழிகாட்டுதலின்படி 25 வயதிலிருந்து ஆண்டுக்கொரு எம்.ஆர்.ஐ, 30 வயதிலிருந்து மேமோகிராமும் சேரும். சாதாரண நாட்களில் பெரும்பாலான பெண்கள் நிம்மதியாகவே இருக்கிறார்கள். பரிசோதனைத் தேதி நெருங்கும்போது பயம் ஏறும், முடிவு வந்ததும் இறங்கும். கஷ்டம் எப்போது என்றால், "ஏதோ தெரிகிறது, மறுபடி வாருங்கள்" என்று அழைப்பு வரும்போது. எம்.ஆர்.ஐ. நுட்பமான கருவி, புற்றுநோய் அல்லாததையும் காட்டிக்கொடுக்கும். பயாப்ஸி (சிறு திசு எடுத்துச் சோதிப்பது) செய்து ஒன்றுமில்லை என்று தெரியும்வரை தூக்கம் போய்விடும். அம்மாவுக்கோ அக்காவுக்கோ நோய் வந்த வயதைத் தானும் நெருங்கும்போது இந்தப் பயம் இன்னும் கனக்கும். அதே நேரம், திரும்பி வர வழி உள்ள பாதை இது ஒன்றுதான். குழந்தைக்குப் பால் கொடுக்கலாம், ஐந்து வருடம் கழித்து மனம் மாறினால் அப்போது அறுவை சிகிச்சைக்குப் போகலாம். இளம் பெண்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அறுவை சிகிச்சையின் கணக்கு நேர்மாறானது. பயத்துக்கான விலையை மொத்தமாக ஒரே தடவையில் கொடுக்கிறாள். பதிலுக்கு உடல் மாறுகிறது. இதை நீண்டகால அளவில் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. குடும்பத்தில் நோய் இருந்ததால் முன்கூட்டியே மார்பகங்களை எடுத்துக்கொண்ட 572 பெண்களிடம், சராசரியாகப் பதினான்கு வருடத்துக்கும் மேல் கழித்து, அமெரிக்காவின் மேயோ கிளினிக் கேட்டது. முடிவு 2000-ல் வந்தது. 74 சதவீதம் பேருக்கு மார்பகப் புற்றுநோய் பற்றிய கவலை குறைந்திருந்தது. 70 சதவீதம் பேர் திருப்தி என்றார்கள், 19 சதவீதம் பேர் இல்லை என்றார்கள். தன் உடலின் தோற்றம் பிடிக்காமல் போனதாக 36 சதவீதம் பேரும், பெண்மை உணர்வு குறைந்ததாக 25 சதவீதம் பேரும், தாம்பத்திய உறவு பாதிக்கப்பட்டதாக 23 சதவீதம் பேரும் சொன்னார்கள். இவர்களெல்லாம் 1993-க்குள் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். அதற்குப் பின் நுட்பங்கள் நன்றாக முன்னேறியிருக்கின்றன. ஆனாலும் முலைக்காம்பை விட்டுவைத்துச் செய்யும் அறுவை சிகிச்சையில்கூட அங்கே தொடு உணர்ச்சி பெரும்பாலும் திரும்புவதில்லை. இதை முன்பே சொல்லாமல் விட்டால், "பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது" என்று மற்றவர்கள் சொல்லும்போது அவள் தனியாகிப்போவாள்.

கவலை குறைந்ததும் உண்மை, இழப்பு வலித்ததும் உண்மை. ஒரே பெண்ணுக்குள் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். நிம்மதி வந்துவிட்டதே, இன்னும் எதற்கு அழுகை என்று வீட்டில் கேட்பது அநியாயம்.

யார் வருந்துகிறார்கள் என்பதற்கு நியூயார்க்கிலிருந்து வந்த இன்னொரு ஆய்வு தெளிவான துப்பு தருகிறது. இதே அறுவை சிகிச்சை செய்துகொண்ட 370 பெண்களில் வருந்தியவர்கள் 21 பேர்தான். அவர்களிடம் அதிகம் காணப்பட்ட பொது அம்சம், பேச்சை முதலில் தொடங்கியது அவர்கள் இல்லை, மருத்துவர் என்பது. என்னைப் பொறுத்தவரை இந்த ஒப்பீட்டில் மிக முக்கியமான தகவல் இதுதான். எந்த வழி என்பதைப் போலவே, யார் தேர்ந்தெடுத்த வழி என்பதும் பின்னாளைய மன அமைதியைத் தீர்மானிக்கிறது. நம் வீடுகளில் கணவர், மாமியார், அண்ணன் என்று எல்லோரும் கூடி முடிவெடுக்கும் வழக்கம் இருக்கிறது. கல்யாணம் ஆகாத பெண் என்றால் "யார் கட்டுவார்கள்" என்ற கேள்வி வேறு. அந்தக் கூட்டத்தில் அவள் குரல்தான் முதலில் கேட்க வேண்டும்.

அவசரம் எவ்வளவு என்பதும் எல்லோருக்கும் ஒன்றல்ல. 2019-ல் வந்த நெதர்லாந்து ஆய்வில், பிஆர்சிஏ1 பெண்களில் அறுவை சிகிச்சை செய்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் குறைவாக இருந்தது. பிஆர்சிஏ2 பெண்களில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எனவே பிஆர்சிஏ2 உள்ள பெண் கண்காணிப்பைத் தேர்ந்தால் அவளைப் பயந்தாங்கொள்ளி என்றோ பொறுப்பில்லாதவள் என்றோ யாரும் பேசக் கூடாது. அம்மா இறந்து சில மாதங்களே ஆன துக்கத்தில் இருப்பவள் மார்பகம் பற்றிய முடிவை ஒரு வருடம் தள்ளிப்போட்டுக் கண்காணிப்பில் இருப்பதும் பெரும்பாலும் நியாயமான வழியே.

மார்பகத்தை எடுத்தபின் மறுசீரமைப்பா (மார்பக வடிவத்தை மீண்டும் உருவாக்குவதா), தட்டையாகவே விடுவதா என்பது தனிக் கேள்வி. உள்ளே வைக்கும் செயற்கை மார்பகமான இம்ப்ளான்ட் வைத்தால் உடை பொருந்தும், கண்ணாடி பார்ப்பது சிலருக்கு எளிதாகும். பிற்காலத்தில் மறுபடி அறுவை சிகிச்சை தேவைப்படலாம். தட்டையாக விட்டால் சீக்கிரம் ஆறும். இரண்டையும் ஒரே மரியாதையோடு முன்வைக்கும் மருத்துவரைத் தேடுங்கள்.

சினைப்பை விஷயத்தில் இந்தத் தராசு செல்லாது. அதைக் கண்காணிக்க நம்பகமான பரிசோதனை இல்லை. பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களுக்கு மேல் பங்கேற்ற ஆய்வின் 2021 முடிவும், ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் மரணங்களைக் குறைக்கவில்லை என்றே சொன்னது. அதனால் குழந்தைப் பேறு முடிந்தபின், பிஆர்சிஏ1 என்றால் 35 முதல் 40 வயதுக்குள், பிஆர்சிஏ2 என்றால் 40 முதல் 45-க்குள் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுக்கச் சொல்கிறார்கள். இங்கே தள்ளிப்போடுவது ஆபத்து. நடிகை ஏஞ்சலினா ஜோலி 2013-ல் மார்பகங்களை எடுத்ததைத்தான் உலகம் அதிகம் பேசியது. 2015-ல் சினைப்பையும் கருக்குழாய்களும் எடுத்தார். அவருடைய தாய் புற்றுநோயால் 56 வயதில் இறந்தவர்.

வெளியே தெரியாத இந்த அறுவை சிகிச்சைதான் பல பெண்களின் மனநிலையை அதிகம் உலுக்குகிறது. மாதவிடாய் ஒரே நாளில் நிற்கிறது. உடல் திடீரென்று கொதிக்கும், தூக்கம் கெடும், எரிச்சல், காரணமில்லாத அழுகை, பெண்ணுறுப்பில் வறட்சி, உறவில் நாட்டமின்மை. இவற்றை மனப் பலவீனம் என்று நினைத்துப் பல பெண்கள் வெளியே சொல்வதில்லை. இதன் வேர் பெருமளவு ஹார்மோன் இழப்பில் இருக்கிறது, சிகிச்சையும் உண்டு. தனக்கு மார்பகப் புற்றுநோய் வந்திராத பெண்ணுக்கு, இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை ஹார்மோன் மாற்று சிகிச்சை பெரும்பாலும் தரலாம். அது எல்லாவற்றையும் பழையபடி ஆக்காது, ஆனால் கொதிப்பையும் தூக்கமின்மையையும் நன்றாகவே குறைக்கும்.

இப்போது நடுவழி ஒன்றும் ஆய்வில் இருக்கிறது: முதலில் கருக்குழாயை மட்டும் எடுத்து, சினைப்பையைச் சில வருடம் தள்ளி எடுப்பது. நெதர்லாந்தில் இப்படிச் செய்த பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதால் வரும் தொல்லைகள் குறைவாக இருந்ததாக 2021-ல் தெரியவந்தது. புற்றுநோயைத் தடுப்பதிலும் இது அதே அளவு பாதுகாப்பானதா என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. ஆகவே ஆய்வுக்கு வெளியே இதை நம்பி இறங்க வேண்டாம். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிக்கும் முன்பே, ஹார்மோன் சிகிச்சை தனக்குத் தரலாமா, யார் தருவார், எந்த நாளில் தொடங்கும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.