சுங்கை சிப்புட் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில் நடக்கும் வகுப்பு இது. மாதம் 30 வெள்ளி (ரிங்கிட்), 12 பிள்ளைகள், இரண்டு மணி நேரம். முதல் மணி முழுக்கப் பேச்சுதான், புத்தகத்தைத் தொடுவதில்லை. ரப்பர் பால் வடியும் கிண்ணமான பால் மங்கையும், அந்தப் பாலைத் தோளில் காவடி போலச் சுமக்கும் காண்டா வாளியையும் கையில் கொடுத்துப் பெயர் சொல்ல வைக்கிறார்கள். பிள்ளை மலாயில் பதில் சொன்னால் ஆசிரியை அதட்டுவதில்லை. அதையே தமிழில் சொல்லிக் காட்டுகிறார், கூச்சம் வருவதில்லை. இது மிகச் சரியான முறை.

கூச்சப்பட வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அலாஸ்கா ஓர் உதாரணம். அங்கே யூப்பிக் என்ற பூர்வகுடி மொழி பேசிய பிள்ளைகளைப் பள்ளியில் தண்டித்தார்கள். அந்தப் பிள்ளைகள் பெற்றோரானதும் பலர் வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். ஆனால் இன்று அங்குள்ள பெத்தல் ஊரில் யூப்பிக் வழியிலேயே தொடக்கப்பள்ளி நடக்கிறது.

சுங்கை சிப்புட் வகுப்பில் பெரிய குறை, பெற்றோருக்கு எதுவும் இல்லை. அவர்களே "தோட்டத்துத் தமிழ் (ரப்பர் தோட்டத்துப் பேச்சுத் தமிழ்) பேசாதே" என்று வாசலிலேயே பிள்ளையை அடக்கினால் உள்ளே கற்றது வீட்டில் நிற்காது. மாதம் ஒரு முறையாவது அவர்களையும் உட்கார வைக்க வேண்டும். கட்டணத்துக்குத் தாராளமாகச் சேர்க்கலாம்.