சிங்கப்பூரில் பல கம்பெனி, பினாங்கில் ஒன்றே ஒன்று: கடைக்கும் மில்லுக்கும் கரண்ட் வாங்கிய அனுபவம்

பினாங்கு பட்டர்வொர்த்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு மசாலா மில் இருக்கிறது. தம்பி சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடை வைத்திருக்கிறான். இரண்டுக்கும் கணக்கு நான்தான் பார்க்கிறேன், அதனால் இரண்டு கரண்ட் பில்லும் மாதாமாதம் என்னிடம்தான் வரும். மில்லுக்கு மலேசியாவின் மின்சாரக் கம்பெனியான டிஎன்பி, வேறு ஆள் கிடையாது. கடைக்கு யாரிடம் வாங்குவது என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும். வருஷக்கணக்காக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் பெரிய நிறுவனங்களுக்கு 2001 முதலே சந்தை படிப்படியாகத் திறந்தது. வீடுகளுக்கும் சிறு கடைகளுக்கும் 2018 ஏப்ரலில் ஜூரோங்கில் முன்னோட்டம் விட்டார்கள். அந்த நவம்பர் முதல் 2019 மே வரை வட்டாரம் வட்டாரமாக மற்ற இடங்களுக்கும் வந்தது. எந்தக் கம்பெனியிடம் வாங்கினாலும் கம்பி, மீட்டர், பழுது பார்ப்பது எல்லாம் எஸ்பி குழுமம்தான். கம்பெனி எதையும் தேர்ந்தெடுக்காதவர்களுக்குக் கரண்ட் விற்பதும் அவர்கள்தான். எனவே "அந்தக் கம்பெனி கரண்ட் நல்ல கரண்ட்" என்ற பேச்சுக்கே இடமில்லை. மாறுவது விலையும் ஒப்பந்தமும் மட்டும்.

திட்டங்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று நிலையான விலை: ஒப்பந்தம் முடியும்வரை யூனிட்டுக்கு ஒரே விலை. மற்றது கழிவு: எஸ்பி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றும் கட்டணத்தில் இத்தனை விழுக்காடு குறைவு. தம்பி போனில் கேட்டான்: "அக்கா, கழிவுத் திட்டம் இப்போ மலிவா இருக்கே, எடுத்துடவா?" வேண்டாம் என்றேன். கழிவுத் திட்டத்தில் எஸ்பி கட்டணம் ஏறினால் நமக்கும் ஏறும். சில்லர் பெட்டிகள் இரவு பகலாக ஓடும் கடைக்கு அந்த ஏற்றத்தைத் தாங்கும் லாபம் இல்லை. ஆகவே நிலையான விலையில் எடுத்தோம்.

அந்த முடிவின் அருமையும் வரம்பும் 2021 கடைசியில் தெரிந்தன. சிங்கப்பூர் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் உற்பத்தியாகிறது. உலகச் சந்தையில் எரிவாயு விலை எகிறியதும் அங்கே சில்லறைக் கம்பெனிகள் கரண்ட் வாங்கும், அரைமணிக்கு ஒருமுறை நிர்ணயமாகும் மொத்தச் சந்தை விலையும் எகிறியது. குறைந்த விலைக்கு விற்றுவிட்டு அதிக விலைக்கு வாங்க வேண்டிய நிலையில் பல சில்லறைக் கம்பெனிகள் கடையை மூடின. அவர்களுடைய சிறு வாடிக்கையாளர்களை எஸ்பி ஏற்றுக்கொண்டது, யாருக்கும் கரண்ட் நிற்கவில்லை. எங்கள் கம்பெனி மூடவில்லை. ஆனால் எங்கள் ஒப்பந்தம் அதே நேரத்தில்தான் முடிந்தது. புதுப்பிக்க அவர்கள் அனுப்பிய விலையைப் பார்த்ததும், கையெழுத்துப் போடாமல் எஸ்பி கட்டணத்துக்கே திரும்பினோம். சந்தை அடங்கிய பிறகுதான் மறுபடி நிலையான விலைக்குப் போனோம்.

இதில் எனக்குப் பட்டது இதுதான்: கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் உண்மையில் முடிவு செய்வது விலை ஏறினால் யார் தாங்குவது என்பதைத்தான். அதனால் இப்போது விலைக்கு முன்னால் ஒப்பந்தத்தின் மற்ற வரிகளைத்தான் படிக்கிறேன். சொல்லும் விலையில் கம்பிக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா, தனியா? வணிகத் திட்டங்களில் எரிசக்தி விலையை மட்டும் பெரிதாகப் போட்டுவிட்டு மற்றதைப் பில்லில் சேர்ப்பதுண்டு. பாதியில் விலகினால் தண்டம் எவ்வளவு? முன்பணம் உண்டா? ஒப்பந்தம் முடிந்ததும் தானாக எந்த விலைக்கு மாறும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் தராத விற்பனையாளரிடம் நான் மேலே பேசுவதில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். 2019இல் அறிவித்த மின்துறைச் சீர்திருத்தத்தில் சில்லறைப் போட்டியும் (சிங்கப்பூர் போல நாமே கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது) இருந்தது, ஆனால் அது நடைமுறைக்கு வரவில்லை. 2024இல் வந்த 'கிரெஸ்' திட்டத்தில் பசுமை மின்சாரத்தை நேரடியாக வாங்கலாம், ஆனால் அது பெரிய நிறுவனங்களுக்கானது. எங்களைப் போன்ற மில்லுக்குத் தேர்வே இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

2025 ஜூலை 1 முதல் கட்டண அமைப்பு மாறியது. தாழ்வழுத்த (லோ வோல்டேஜ்) வணிகக் கணக்குக்குப் பொதுக் கட்டணத்தில் எரிசக்தி யூனிட்டுக்கு 27.03 சென். நேரவாரிக் கட்டணம் கேட்டு மாறினால் திங்கள் முதல் வெள்ளி வரை மதியம் 2 முதல் இரவு 10 வரை 28.52 சென், மற்ற நேரமெல்லாம் 24.43 சென். இதற்கு மேல் வரும் கொள்ளளவு (மின்நிலையத் திறனுக்கான), கம்பிக் கட்டணங்கள் இரண்டிலும் ஒன்றேதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: உங்கள் யூனிட்டில் சுமார் 36 விழுக்காட்டுக்கு மேல் மலிவான நேரத்தில் ஓடினாலே மாறுவது லாபம். நாள் முழுக்க ஒரே அளவில் ஓடும் பிரிட்ஜுக்கு, வாரத்தின் 168 மணியில் 40 மணிதான் விலை கூடிய நேரம். எங்கள் மில்லில் மிளகாய், மல்லி அரவையைக் காலை எட்டுக்குத் தொடங்கி மதியத்துக்குள் முடிக்கிறோம், பிறகு சலிப்பதும் பொட்டலம் கட்டுவதும்தான். சனிக்கிழமை முழு நாளும் மலிவு. மாதம் 10,000 யூனிட்டில் 80 விழுக்காடு மலிவான நேரத்தில் விழுந்தால் சுமார் 178 ரிங்கிட் மிச்சம்.

அதைவிடப் பெரிய தொகை பில்லின் வேறொரு இடத்தில் இருக்கிறது. அரவை மோட்டார்கள் உள்ள இடத்தில் பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் கரண்டில் எவ்வளவு உண்மையில் வேலைக்குப் போகிறது என்ற அளவு, இறங்கும். 0.85க்குக் கீழே போனால் ஒவ்வொரு 0.01க்கும் பில்லில் 1.5 விழுக்காடு கூடும். 0.79 என்றால் 9 விழுக்காடு. கொள்ளளவு, கம்பிக் கட்டணமும் சேர்ந்த முழுப் பில்லில், அதே 10,000 யூனிட்டுக்கு அது ஏறக்குறைய 450 ரிங்கிட்! வயர்மேனை அழைத்து, பவர் ஃபேக்டரை உயர்த்தும் கெப்பாசிட்டர் பேங்க் போட்டோம், அந்தத் தண்டம் பில்லிலிருந்து போய்விட்டது. மோட்டார் வைத்திருக்கும் அண்ணன்மார், அக்காமார் எல்லாரும் பில்லில் இதை முதலில் பாருங்கள். எந்தக் கம்பெனி மாறினாலும் இவ்வளவு மிச்சம் வராது.

நேரவாரிக்கு மாற நினைப்பவர்களுக்கு ஒன்று மட்டும்: தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எங்கள் மில் இரவு வரை ஓடும். அப்படிப்பட்ட மாதங்களின் யூனிட்டையும் சேர்த்து, பன்னிரண்டு மாதப் பில்லை எடுத்துவைத்துக்கொண்டு அந்த 36 விழுக்காட்டைப் பாருங்கள்.