ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டுகிறோம் என்ற வார்த்தையை நம்பி 182,000 ரூபாவைத் தொலைத்து நிற்கிறேன்

திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் 11 வருடமாக ரூம் துப்புரவு வேலை செய்கிறேன். பெயர் எழுதவில்லை. கூட வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

வீடு கட்டுவதற்காக ஈ.பி.எப்.பில் 30 வீதம் எடுக்கலாம், 10 வருடம் சேர்ந்திருந்து கணக்கில் குறைந்தது 300,000 ரூபா இருக்க வேண்டும் என்று ஒரு அக்கா சொன்னாள். போன கிழமை தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போனேன். 2022 ஏப்ரலில் இருந்து 26 மாதம் ஒரு சதம்கூட வரவில்லையாம்.

என் அடிப்படைச் சம்பளம் 35,000. அதில் 8 வீதம், 2,800 ரூபா, மாதாமாதம் வெட்டுகிறார்கள். சம்பளச் சீட்டில் அச்சடித்தே இருக்கிறது. முதலாளி தன் பங்குக்கு 12 வீதம், 4,200 போட வேண்டும். 26 மாதத்துக்கு 182,000. அதில் 72,800 என் உழைப்பில் வெட்டிய காசு! அது யாருடைய பையில் இருக்கிறது?

2022இல் டீசல் இல்லை, வெள்ளைக்காரர் இல்லை, ஹோட்டல் வெறிச்சோடிக் கிடந்தது. அப்போது மெனேஜர் எங்களை டைனிங் ஹாலில் இருத்தி, "பிள்ளையள், சம்பளம் பிந்தினாலும் உங்கட ஈ.பி.எப்.பில கை வைக்க மாட்டன், என்ர பிள்ளைகள் மேல சத்தியம்" என்றார். நான் அழுதுவிட்டேன். அரைச் சம்பளத்துக்கும் வந்து வேலை செய்தோம். அதற்குப் பிறகு சீசன் திரும்பியது, மே முதல் செப்டெம்பர் வரை ரூம் கிடைக்காத அளவுக்கு ஆட்கள். அப்போதும் கட்டவில்லை.

கேட்டால் முதல்நாள் "கணக்காளர் கொழும்புக்குப் போயிட்டார்". மறுநாள் "சிஸ்டத்தில பிழை". மூன்றாம்நாள், "நீங்க கொன்ட்ராக்ட்தானே, உங்களுக்கு அது இல்லை". இல்லையென்றால் ஏன் வெட்டினீர்கள்? 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஈ.பி.எப். சட்டம் தற்காலிகம், நிரந்தரம் என்று பார்ப்பதில்லை என்று தொழில் அலுவலகத்தில் தெளிவாகச் சொன்னார்கள். ஒரு மாதத்துக்குரிய காசை முதலாளி அடுத்த மாதம் முடிவதற்குள் கட்ட வேண்டும், 12 மாதம் தாண்டினால் 50 வீதம் மேலதிகக் கட்டணம், பிறகும் கட்டாவிட்டால் நீதவான் நீதிமன்றம். முறைப்பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நேற்று மெனேஜர் ஒரு கடதாசியை நீட்டினார். 'எல்லாக் கணக்கும் தீர்ந்தது' என்று எழுதியிருந்தது. "இதில கையெழுத்து வையம்மா, 20,000 இப்பவே தாறன்." 182,000க்கு 20,000! திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இரவு முழுக்கத் தூக்கம் இல்லை.

அவசரமாகச் சொல்கிறேன். சம்பளச் சீட்டுகளை எறியாதீர்கள். எனக்கு 26இல் 19தான் மிஞ்சியிருக்கிறது, மிச்சத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆறு மாதத்துக்கொருமுறை நீங்களே போய் மீதியைப் பாருங்கள். முதலாளி தனியாகக் கட்ட வேண்டிய 3 வீத ஈ.டி.எப்.பையும் (ஊழியர் நம்பிக்கை நிதி) சேர்த்துக் கேளுங்கள், நான் அதை இன்னும் பார்க்கவே இல்லை. வெற்றுக் கடதாசியில் கையெழுத்து வேண்டாம்.

அங்கே லோண்ட்ரியிலும் கிச்சனிலும் வேலை செய்த யாராவது இதை வாசித்தால், விசாரணைக்கு என்னோடு வாருங்கள்.