பசைக்கு மசியாத பீக்கர்: ஆறு ஆண்டு அனுபவம்

என்னிடம் உள்ளதைப் போல ஒரு பி.எம்.பி. (பாலிமெத்தில்பென்டீன் என்ற பிளாஸ்டிக்) பீக்கர் வாங்கலாமா என்று தோழி கேட்டாள். கேட்ட நேரம் சரியில்லை. முந்தைய நாள்தான் அதன் விளிம்பில் விழுந்த விரிசலோடு மல்லுக்கட்டித் தோற்றிருந்தேன்.

உடனடிப் பசை காய்ந்தது. நகம் பட்டதும் தோல்போல உரிந்து வந்தது. எபாக்சியை ஒரு நாள் முழுக்க இறுகவிட்டேன். மறுநாள் முழுத் துண்டாகக் கழன்று விழுந்தது. உப்புத்தாளால் தேய்த்துப் பூசியும் அதே கதி. சூட்டுக்கோலால் உருக்கினேன், விளிம்பு கோணியது, விரிசல் அப்படியே நின்றது. பாலிமெத்தில்பென்டீனின் மேற்பரப்பு ஆற்றல் மிகக் குறைவு, டெஃப்லான் வகைகளுக்கு அடுத்த நிலை. பசை அதன்மீது பரவவே மறுக்கிறது. மார்க்கரால் எழுதினாலும் ஈரக்கை பட்டால் அழிந்துவிடும். உள்ளே இருப்பது எந்தக் கரைசல் என்று ஆறு ஆண்டுகளாக ஒரு சீட்டில் எழுதிப் பக்கத்தில் வைக்கிறேன்!

நியாயமாகச் சொன்னால், அதே குணத்தால்தான் காய்ந்து படிந்த உப்பும் ஒரே அலசலில் போகிறது. மின்சுற்றுப் பலகைகளை அழுத்தித் தயாரிக்கும்போது ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இதன் படலத்தைத்தான் இடையில் வைக்கிறார்கள். நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் 121 டிகிரி சூட்டையும் தாங்குகிறது. டொலுயீன் போன்ற கரைப்பான்கள் மட்டும் ஆகாது.

படிகப் பகுதி கொண்ட பிளாஸ்டிக்குகள் பொதுவாகப் பால்போல் மங்கித் தெரியும். இதில் படிகப் பகுதிக்கும் ஒழுங்கற்ற பகுதிக்கும் அடர்த்தி ஏறத்தாழ ஒன்றுதான். அதனால் ஒளி சிதறாமல் ஊடுருவுகிறது. அடர்த்தியோ கன செண்டிமீட்டருக்கு 0.83 கிராம். விளிம்பிலிருந்து தெறித்த சில்லு கழுவும் தொட்டியில் மிதந்தது. கோபத்திலும் சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எக்மோ கருவிகளில் ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் நுண்குழல்களும் இந்த பிளாஸ்டிக்தான். இத்தனை பெருமை உள்ள பொருள், விரல் நீள விரிசலை அடைக்க விடவில்லையே என்பதுதான் என் ஆத்திரம்.

தோழிக்கு "வேண்டாம், கண்ணாடியே வாங்கு" என்று எழுதிவிட்டேன். சூடான காரக் கரைசல் கண்ணாடியை மெல்ல அரிக்கும், பாலிகார்பனேட்டைக் கெடுத்துவிடும், இதை ஒன்றும் செய்யாது என்பதையும் அதே கடிதத்தில் எழுதினேன். விரிசலுக்குக் கீழே வரை மட்டும் நிரப்பி இன்றும் இதைத்தான் பயன்படுத்துகிறேன்.