வேக வாசிப்பு: செயலியா, நாளிதழா?

வேகமாக வாசிக்கப் பழக நினைப்பவர்கள் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, திரையின் நடுவில் ஒவ்வொரு சொல்லாக மின்னி மறையும் செயலி. மற்றொன்று, சிங்கப்பூரில் 1935 முதல் வரும் தமிழ் முரசு நாளிதழை எடுத்துத் தினமும் வாசிப்பது.

செயலியில் நிமிடத்துக்கு 400 சொல், 500 சொல் என்று வேகத்தைக் கூட்டலாம். எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே பழகவும் வசதி. ஆனால் வாசிக்கும்போது நம் கண் ஒரே சீராக நகர்வதில்லை; ஓர் இடத்தில் ஏறக்குறைய கால் விநாடி நின்று அடுத்த இடத்துக்குத் தாவும். புரியாவிட்டால் சற்றுப் பின்னால் போய்ப் பார்க்கும். அந்த வாய்ப்பைத்தான் செயலி பறித்துவிடுகிறது. வாக்கியம் கொஞ்சம் சிக்கலானாலும் பொருள் நழுவிவிடும். தமிழில் சிரமம் இன்னும் கூடுதல். 'நான்' மின்னும் அதே நேரத்துக்குள் 'வந்துகொண்டிருந்தவர்களுக்கும்' மின்னி மறைந்தால் எப்படிப் பிடிபடும்?

நாளிதழ் வழி மெதுவானது, உண்மைதான். ஆனாலும் என் ஓட்டு அதற்கே. பள்ளியில் பெரும்பாலும் ஆங்கிலமே புழங்கும் நம் பிள்ளைகள் தமிழ் வாசிப்பில் தடுமாறுவது, சொற்கள் போதிய அளவு கண்ணுக்குப் பழகாததால். விளையாட்டோ சினிமாவோ, பிடித்த பக்கத்தைத் தினமும் வாசிக்கட்டும். முன்பு எழுத்துக்கூட்டிப் படித்த 'நாடாளுமன்றம்', 'வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்' எல்லாம் பார்த்தவுடனே பிடிபடும். வேகம் அங்கேதான் பிறக்கிறது.

ஏற்கெனவே தெரிந்த விஷயத்தை மேலோட்டமாகப் பார்க்கச் செயலி போதும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையிடம் மட்டும் அதைக் கொடுக்காதீர்கள். பக்கத்து நூலகத்தில் தமிழ்க் கதைப்புத்தகம் இரவல் வாங்கிக் கொடுங்கள்; குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உறுப்பினர் கட்டணம் கிடையாது.