திங்கட்கிழமை அஜந்தாவுக்குக் கூட்டிப்போன 'கலைப் பயணம்'

போன ஜனவரியில் நானும் அக்காவும் மூத்த குடிமக்களுக்கான ஒரு கலைப் பயணத்தில் சேர்ந்து அஜந்தா, எல்லோரா போனோம். எனக்கு 66, அக்காவுக்கு 73. ஆளுக்கு 34,000 ரூபாய். கலை வரலாற்றுப் பேராசிரியர் கூடவே வருவார், தினமும் மாலையில் வகுப்பு உண்டு, அதிகம் நடக்க வேண்டியிருக்காது என்றெல்லாம் போனில் சொன்னார்கள். நம்பிக் கட்டிவிட்டோம்.

திங்கட்கிழமை காலை அவுரங்காபாத்திலிருந்து 100 கிலோமீட்டர் போனால், வண்டி நிறுத்தும் இடத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அஜந்தாவுக்குத் திங்கள் விடுமுறை, எல்லோராவுக்குச் செவ்வாய் விடுமுறை. இவர்கள் போட்ட திட்டமோ திங்கள் அஜந்தா, செவ்வாய் எல்லோரா! இரண்டையும் மாற்றிப் போட்டிருந்தாலே போதும். சொல்லிக்கொடுக்கிறோம் என்று காசு வாங்கியவர்களுக்கு இதுகூடத் தெரியவில்லை.

அங்கிருந்து எல்லோராவுக்கு ஓடினோம். போய்ச் சேரும்போது மணி நாலு தாண்டிவிட்டது. 34 குகைகளில் நாங்கள் பார்த்தது 16-ஆம் குகையான கைலாசநாதர் கோயில் ஒன்றுதான். மலைப்பாறையை மேலிருந்து கீழாக வெட்டி எடுத்த கோயில் அது. விளக்கிச் சொல்லத்தான் ஆள் இல்லை. பேராசிரியருக்கு உடம்பு சரியில்லையாம். பதிலுக்கு வந்த பையன் செல்போனைப் பார்த்து வாசித்தான். ராஷ்டிரகூட மன்னர் முதலாம் கிருஷ்ணர் காலத்துக் கோயிலைச் சோழர் காலம் என்றான்.

செவ்வாயன்று மறுபடி அஜந்தா. நாலு கிலோமீட்டர் அங்குள்ள பஸ்ஸில் போய், அப்புறம் படி ஏற வேண்டும். குதிரை லாடம் போல வளைந்த மலையில் குகைகள் வரிசையாக இருக்கின்றன. நடை, படி, மறுபடி நடை. டோலி உண்டு, ஆனால் அதற்குத் தனிக்காசு என்று அங்கே வைத்துத்தான் சொன்னார்கள். அக்காவுக்கு மூட்டு வலி. யாரோடும் பேசாமல் கீழேயே உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷம் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர் அவர். முதல் குகையிலேயே இருக்கிற பத்மபாணி என்ற போதிசத்துவர் ஓவியத்தைப் பார்க்கத்தான் வந்தார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

பணத்தைக் கேட்டால், 'பயணத்திட்டம் மாறுதலுக்கு உட்பட்டது' என்ற வரியைக் காட்டுகிறார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். போனில் சொன்ன எதற்கும் என்னிடம் எழுத்து இல்லை என்பதுதான் இப்போது இடிக்கிறது.

அதனால் கட்டுவதற்கு முன்னால் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். கூட வரும் ஆசிரியர் யார், அவர் வராவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவார்கள், எத்தனை படி, டோலிக் காசு யாருடையது, எல்லாம். விடுமுறைக் கிழமையை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.