ஜோவெட்டின் கடிதங்கள், இரண்டு பாகம்: வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் பதிப்பைப் பார்த்து வாங்குங்கள்.

பெஞ்சமின் ஜோவெட் பெயரை நம்மில் பலர் ஜி.யு. போப் ஐயர் வழியாகத்தான் கேள்விப்பட்டிருப்போம். பெங்களூரு பிஷப் காட்டன் பள்ளியை நடத்திவிட்டு ஆக்ஸ்ஃபோர்டு போன போப் ஐயர், திருவாசக மொழிபெயர்ப்பை முடிக்க ஆயுள் போதுமா என்று தயங்கினார். பெரிய வேலையொன்று கையில் இருந்தாலே நெடுநாள் வாழலாம், முடிக்கும்வரை இருப்பீர்கள் என்று தெம்பு சொன்னவர் பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட். 1893-ல் அவர் காலமானார். போப் ஐயர் 1900-ல், எண்பது வயதில், நூலைக் கொண்டுவந்தார்.

ஹலசூரிலிருந்து ரெசிடென்சி ரோடு வழியாக வேலைக்குப் போகிறவள் நான். அந்தப் பள்ளி மதிலைப் பார்க்கும்போதெல்லாம் அப்படிச் சொன்ன மனிதர் யார் என்று தெரிந்துகொள்ளத் தோன்றும். ஈவ்லின் அபட்டும் லூயிஸ் கேம்பலும் தொகுத்து 1897-ல் வந்த 'லைஃப் அண்ட் லெட்டர்ஸ் ஆஃப் பெஞ்சமின் ஜோவெட்' நூலின் மறுபதிப்பை சர்ச் ஸ்ட்ரீட் கடை ஒன்றில் சொல்லி வரவழைத்தேன்.

முதல் பாகம்தான் உயிர். 1854-ல் கல்லூரித் தலைவர் தேர்தலில் ஜோவெட் தோற்றார். ஜெயித்தவர் ராபர்ட் ஸ்காட், கிரேக்க அகராதி போட்ட இருவரில் ஒருவர். மறு வருஷம் கிரேக்கப் பேராசிரியர் பதவி கிடைத்தது, சம்பளம் வருஷத்துக்கு 40 பவுண்டு. அவருடைய மதக் கருத்து பிடிக்காதவர்கள் அதை உயர்த்தவே விடவில்லை; 1865-ல்தான் 500 ஆனது. 1863-ல் பல்கலைக்கழக நீதிமன்றம்வரை இழுத்தார்கள். நானும் ஒரு பி.யூ. கல்லூரியில் வரலாறு எடுப்பவள். ஸ்டாஃப் ரூமில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதை வைத்தே அடுத்த பிரின்சிபால் யாரென்று சொல்லிவிடலாம். அதனால் இந்தப் பக்கங்களை என்னால் கீழே வைக்க முடியவில்லை. பதினாறு வருஷம் அதே கல்லூரியில், ஜெயித்தவருக்குக் கீழேயே இருந்து பாடம் நடத்தியிருக்கிறார் மனிதர். 1870-ல்தான் தலைவரானார்.

தோற்ற அதே 1854-ல் இந்திய சிவில் சர்வீஸ் தேர்வுக்கு விதி வகுத்த மெக்காலே குழுவிலும் அவர் இருந்தார். சிபாரிசு போய்ப் பரீட்சை வந்தது அப்படித்தான். இன்றைக்கு யூ.பி.எஸ்.சி. எழுதும் என் பழைய மாணவர்களுக்கு இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்கச் சொல்வேன். அவருடைய உடன்பிறந்தவர்கள் இரண்டு பேர் இந்தியாவுக்கு வந்து இங்கேயே இறந்துபோனவர்கள். இந்தியா அவர் குடும்பத்துக்கு வெறும் கோப்பு விஷயமில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் கடிதங்கள் வேறு மாதிரி கேட்கும்.

குறையும் உண்டு. தமக்கு வந்த கடிதங்களை அழித்துவிட வேண்டும் என்பது ஜோவெட்டின் விருப்பம். அதனால் ஒரு பக்கக் குரல்தான் கிடைக்கிறது. குடும்பத்துக்கு எழுதியவையும் குறைவு, நண்பர்களுக்குத்தான் நிறைய. இரண்டாம் பாகத்தில் விருந்தாளிகள் வரிசை நீள்கிறது. நான் புரட்டிக்கொண்டே போனேன்.

சரி, பதிப்பு. எனக்கு வந்தது பழைய நூலகப் பிரதியை ஸ்கேன் செய்து அடித்தது. பல பக்கங்களில் வலது ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது. கடிதத்தின் தேதி இருப்பதோ அங்கேதான். 'பேலியல்' என்று இருக்கும், வருஷம் பாதி எண்ணோடு நிற்கும். ஓரிடத்தில் ஸ்கேன் எடுத்தவரின் விரல் நுனியே நாலு வரியை மறைத்திருக்கிறது. கடிதத் தொகுப்பில் தேதி போனால் பாதி அர்த்தம் போயிற்று. விற்ற நிறுவனத்துக்கு எழுதினேன், பதில் இல்லை.

ஆகவே மறுபதிப்பு என்றால் கடையிலேயே பிரித்து, நடுவில் பத்துப் பக்கம் ஓரம் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். முதலில் வெளியிட்ட ஜான் மர்ரே நிறுவனத்தின் பழைய பதிப்பு கிடைத்தால் அட்டை கிழிந்திருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் அமையாவிட்டால் இன்டர்நெட் ஆர்க்கைவில் முழுப் பிரதி இலவசமாகவே இருக்கிறது. அப்புறம், ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1987-ல் தனி நூலாக வந்தன. அடுத்து அதைத்தான் கேட்டு வைத்திருக்கிறேன்.